அந்தப் பக்கத்து நிழல்

பெரியவள் ஈரத்துணியைப் பிழிந்து தங்கையின் கழுத்தைத் துடைக்கப் போனபோது, மகள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்க மெதுவாம்மா. சித்திக்கு அந்த இடத்துல தோல் உரிஞ்சிருக்கு."

செத்தவளுக்கு இனி என்ன வலிக்கப் போகிறது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பெரியவள் துணியை மகளிடம் கொடுத்தாள். மகள் அதை வெந்நீரில் நனைத்து, தாடைக்குக் கீழே, காதுமடலுக்குப் பின்னால், விரலிடுக்குகளில் என்று ஒவ்வொரு இடமாகத் துடைத்தாள். எங்கே புண், எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சித்தியின் சிறுநீரகம் கைவிட்டதிலிருந்து, நகரத்து வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு இந்த அறையிலேயே கிடந்தவள். போன வருஷம் பெரியவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது இதே மகள் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். லீவு கிடைக்கவில்லையாம்.

விடியற்காலையில் போன உயிர். வெளியே வெயில் ஏறிவிட்டிருந்தது. ஆனாலும் அறைக்குள் மின்விசிறி ஓடவில்லை. தேவையும் படவில்லை. சன்னலுக்கு வெளியே மரங்கள் ஒன்றின் தலையை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. உள்ளே வந்த வெளிச்சம்கூடப் பச்சையாகத்தான் இருந்தது.

அப்பா அந்த மலைச்சரிவை இரண்டு பெண்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். இரண்டு பாதியிலும் மேலே பெரிய மரங்கள், அடியில் காப்பிச் செடிகள். பெரியவள் மரங்களை வெட்டினாள். வெயில் பட்டால் காய்ப்பு இரட்டிப்பாகும் என்று விவசாய அதிகாரி சொன்னது பொய்யில்லை. சில வருஷங்கள் கிளை ஒடியக் காய்த்தது. மாடி எழும்பியது. அப்போதெல்லாம் ஊரில் சின்னவளைத்தான் விவரம் கெட்டவள் என்றார்கள். "உன் மரத்துக்கு நீ காவல் இருக்கியா, அது உனக்குக் காவல் இருக்கா?" என்று பெரியவளே கேலி பேசியிருக்கிறாள். சின்னவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் பெரியவளுக்கு ஆகாது.

பிறகு வெயிலின் குணமே மாறியது. மழை தப்பியது. பெரியவளின் சரிவில் பூ பூத்த கையோடு கருகியது, இலைகள் சுருண்டுகொண்டன. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் சின்னவளின் தோட்டத்துக்கு 'ஃப்ரிட்ஜ்' என்று பெயர் வைத்தார்கள். பெரியவளிடம் கூலி வாங்குகிறவர்களே மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு வேலி தாண்டிப் போனார்கள். ஊர்க்காரர்கள் 'டப்பாக்காரர்' என்று அழைக்கிற தாடிக்கார ஆராய்ச்சியாளர் ஒருவரும் அங்கேதான் வந்து சேர்ந்தார். மரத்துக்கு மரம் வெள்ளை டப்பாக்களைக் கட்டி வெப்பத்தை அளந்தார். உச்சிக்கிளையில் ஏறி ஒன்று, தரைக்கு அருகில் ஒன்று.

"மேல இருக்கிற இலைங்கதான் வெயிலை வாங்கிக்குது. அதுங்க விடற ஈரத்துல கீழ காத்து குளிருது. வெளிய எவ்வளவு கொதிச்சாலும் அடியில இருக்கிற செடிக்கும் தவளைக்கும் அது பாதிதான் தெரியும்" என்று ஒருநாள் வேலியோரம் நின்று பெரியவளிடம் விளக்கினார்.

"அப்ப என் பக்கம்?"

"நடுவுல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். பெரியவள் அன்றிலிருந்து அவரிடம் பேசுவதில்லை.

அதே ஆள் இப்போது வாசலில், யாரும் பார்க்காத இடமென்று நினைத்து, சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். படியில் சின்னவளின் கணவர் உட்கார்ந்திருந்தார். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். இப்போதும் இரண்டு கையையும் முன்னால் நீட்டி எதையோ பிடித்திருப்பதுபோல வைத்திருந்தார். பிள்ளை இல்லாத வீட்டில் இத்தனை கூட்டமா என்று பெரியவள் பார்த்தாள். தான் போனால் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"குழி எங்க வெட்டச் சொல்ல?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார்.

மகள் வாயைத் திறந்தாள். "சித்தி சொன்னது மேல, அத்திமரத்துக்கிட்ட..."

"அம்மா பக்கத்துல" என்றாள் பெரியவள்.

எல்லோரும் திரும்பினார்கள். பெற்றோரின் கல்லறை பெரியவளின் பாதியில் இருந்தது. பலாமரத்தடியில் புதைத்தது. இப்போது பலாமரம் இல்லை.

"சித்தி எங்கிட்ட அப்படிச் சொல்லலையேம்மா."

"எல்லாத்தையும் உங்கிட்டயேதான் சொல்லணுமா? நானும் அவகூடப் பொறந்தவதான். முந்தாநாள் நீ மருந்து வாங்கப் போனப்ப சொன்னா. அம்மாகிட்டயே என்னை வச்சிரு அக்கான்னு."

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. முந்தாநாள் அவள் வந்தது உண்மை. சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விழிப்பாள், ஏதாவது சொல்வாள் என்று நாற்காலியில் காத்திருந்தாள் பெரியவள். சின்னவள் ஒருமுறை கண் திறந்து, மருந்து வாங்கப் போயிருந்த மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

பஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அவ சொல்லியிருந்தா அப்படியே செஞ்சிருவோம்க்கா" என்றார்.

மகள் உள்ளே போய்ச் சித்தியின் தலையைச் சீவிவிட உட்கார்ந்தாள்.

குழி வெட்டுகிறவர்கள் வேலி தாண்டிப் பெரியவளின் பக்கம் வந்து கடப்பாரையைப் போட்டபோது கணீரென்று சத்தம் கேட்டது. பொறி பறந்தது. பெரியவள் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வெட்டுகிற இருவரில் மூத்தவர் மறுபடி மறுபடி ஓங்கிப் போட்டார். முழங்கால் ஆழம் போவதற்குள் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்.

"இது மண்ணில்லம்மா, சிமெண்ட்டு. பெட்டி இறங்குற ஆழத்துக்குப் போகணும்னா நாளைக்குத்தான்."

"நாளைக்கு வரைக்கும் எப்படி வச்சிருக்கிறது, இந்த வெக்கையில?"

"அங்க வச்சா தாங்கும்" என்றார் அவர், சின்னவளின் வீட்டைக் காட்டி. கேலியில்லை. உள்ளதைச் சொன்னார்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. "தண்ணி ஊத்தி வெட்டுங்க" என்றாள்.

வெட்டினார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. இளையவர் கடப்பாரையைத் தூக்கினார், தூக்கியபடியே தடுமாறிக் குழி விளிம்பில் சரிந்தார். வாந்தி எடுத்தார். கண் சொருகியது. பெரியவள் போட்ட கூச்சலுக்கு மகளும் டப்பாக்காரரும் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தாங்கி, வேலியை விலக்கி, அவரை மரத்தடிக்குத் தூக்கிப் போனார்கள். பெரியவளும் குடையை விட்டெறிந்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

வேலியைத் தாண்டிய இடத்தில் யாரோ அடுப்பை அணைத்ததுபோல இருந்தது. காலுக்கடியில் சருகு மெத்தென்று அமுங்கியது. மகள் அவரைப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். சித்தியைத் துடைத்த அதே கைகள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "எங்க இருக்கேன்?" என்று கேட்டார்.

"ஃப்ரிட்ஜுல" என்றார் மூத்தவர். ஒருவர் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை, கேட்கவும் இல்லை. பொய் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் அந்தப் பார்வையில் இருந்தது.

பெரியவள் வீட்டுப் படிக்கு நடந்தாள். பஸ்காரர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"மாப்ள. அத்திமரத்துக்கிட்டயே வச்சிருவோம்."

"அவ உங்ககிட்ட ஆசப்பட்டுச் சொன்னதாச்சே?"

பெரியவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மகள் காதில் விழும் என்று தெரிந்துதான் சொன்னாள்.

"சொல்லல. எங்கிட்ட அவ ஒண்ணுமே சொல்லல."

அவர் நீட்டியிருந்த கைகளை மடியில் இறக்கினார். பிறகு, "சரிக்கா. நீங்க மொதல்ல தண்ணி குடிங்க" என்றார்.

அத்திமரத்துக்குக் கீழே மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. வேர்களை மட்டும் கத்தியால் அறுத்துப் போட்டார்கள். கறுப்பு மண்ணில் புழுக்கள் நெளிந்தன. காப்பி குடித்து முடிப்பதற்குள் குழி தயாராகிவிட்டதாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வியந்தார். பெட்டி இறங்கியபோது பெரியவளும் ஒரு பிடி மண் போட்டாள். ஈரம் விரலில் ஒட்டிக்கொண்டது. சாகும்போதும் இவளுக்கு இது வாய்த்தது என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது. எதற்காக வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு மகள் வந்தாள்.

"நான் கொஞ்ச நாள் இங்கதான் இருப்பேன்மா. சித்தப்பா தனியா இருக்காரு."

"இரு" என்றாள் பெரியவள். வேறு ஏதாவது சொல்வாள் என்று மகள் நின்றாள். பிறகு அம்மாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

மாலையில் குழிவெட்டும் மூத்தவர் கடப்பாரையை எடுத்துப்போக வந்தார். பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்தில் பாதிக்குழி அப்படியே கிடந்தது.

"மூடிரவாம்மா? யாராவது தடுக்கி விழுந்துருவாங்க."

"இருக்கட்டும். பலா நின்ன எடம்தான இது."

அவர் போனதும் பெரியவள் வீட்டுக்குள் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்தாள். முழங்கால் வலித்தது. குழிக்குள் மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீர் கீழே இறங்கவில்லை. அந்திவானம் அதில் தெரிந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அது எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.