யசிந்தாவின் சுடுதண்ணிப் போத்தல்

சீனாவில் குவாங்சோவைச் சுற்றிப் பார்க்கப் போவதாகத்தான் உதயகலா உடுவில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அது பாதிப் பொய். கூடப் படித்த யசிந்தாவின் மகன் ஜெரோசன் அந்த நகரத்தில் வேலை பார்க்கிறான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று உதயகலாவின் மகள் கோபிகா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவர்கள் குருநகர்க் கத்தோலிக்கர், கடற்றொழில் குடும்பம். இவர்கள் சைவர், தோட்டக்காரர். நேரில் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று மகளிடம் சொல்லி, ஒரு சுற்றுலாக் குழுவோடு விமானம் ஏறியிருந்தாள். மகனோடு தங்கியிருந்த யசிந்தாவுக்கும் விசயம் தெரியும். இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பொடியனில் ஒரு குறையும் இல்லை. குறை பிடிக்க வந்தவளுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. காலையில் விடுதிக்கு வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனான். வேலைக்குப் போக முன்னம் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றி நீட்டினான்.

"இப்ப வேண்டாம் தம்பி."

யசிந்தா அந்தத் தேத்தண்ணியைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, பையில் வைத்துக்கொண்டாள்.

முதலில் கருங்கல் தேவாலயத்துக்குப் போனார்கள். யசிந்தா உள்ளே முழந்தாளிட்டு மன்றாடினாள். பெரிய கோயில்தான், யன்னல் கண்ணாடிகளும் வடிவுதான். ஆனால் உதயகலாவுக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது. வெளியே வந்து பெட்டிக்கடையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கி மடமடவென்று குடித்தாள். திரும்பினால், படியில் யசிந்தா நிற்கிறாள்.

அதற்குப் பிறகு யசிந்தா கதைக்கவேயில்லை. மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் அவள் வாங்கித் தந்ததை உதயகலா வயிறு சரியில்லை என்று சொல்லித் தொடாமல் இருந்தபோதும் கதைக்கவில்லை. பின்னேரம் ஆற்றுப் படகில் ஏறினார்கள். அக்கரையில் இடுப்பு ஒடுங்கிய பெரிய கோபுரம் ஒன்று தெரிந்தது.

"உதுக்கென்ன, சாப்பாடு காணாதோ?" என்றாள் உதயகலா, சிரிக்க வைக்கலாம் என்ற நினைப்பில்.

"உன்னைப் போலத்தான். எங்கடை கையாலை ஒண்டும் வாங்காதாக்கும்."

"என்னடி கதைக்கிறாய்?"

"அக்கான்ரை கலியாணத்துக்கு உன்ரை கொம்மா வந்தவ. மூடி உடைக்காத சோடாவைக் கூடத் தொடேல்லை. நீ வேறை மாதிரி எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுப்போட்டன்."

உதயகலாவுக்கு முகம் சுட்டது. "ஐயோ, அது இல்லையடி! மாப்பிள்ளை பாக்க வந்த இடத்திலை சம்மதம் சொல்லாமல் கை நனைக்கக் கூடாது. எங்கடை பக்கத்து வழமை. உனக்குத் தெரியாதோ?"

"எங்கடை பக்கத்திலை உப்பிடி ஒண்டும் இல்லை. வந்தவைக்குக் குடுப்பம், குடிப்பினம். அவ்வளவுதான்."

படகு பாலமொன்றின் கீழே போனது. வழமை என்றுதான் காலையிலிருந்து உதயகலா தனக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஜெரோசன் நீட்டிய கோப்பையைப் பார்த்த அந்தக் கணத்தில், அம்மாவின் கண்ணாலும் ஒருதரம் பார்த்தாள். இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண அவளால் முடியாது. அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"அந்தப் போத்தலைத் தா."

"காலமை ஊத்தினது. ஆறிப்போச்சு."

"தாடி எண்டுறன்."

மூடியிலேயே ஊற்றி ஒரே மூச்சில் குடித்தாள். தேத்தண்ணி கசந்தது. யசிந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னத்துக்குக் குடிச்சனி? நான் பேசினதுக்கோ, சம்மதத்துக்கோ?"

உதயகலா மூடியைத் திரும்பவும் நீட்டினாள்.

"அது அம்மா குடிக்காமல் விட்ட சோடா. இனி ஊத்து, இது ஜெரோசன்ரை."

யசிந்தா மூடியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தபடியே ஊற்றினாள். பாதித் தேத்தண்ணி உதயகலாவின் சேலையில் கொட்டுண்டது.