அரசர் உயரத்துக்கு அப்பம்

ஐந்து நாட்களாகப் பொனிரா வீட்டுக்குப் போகவில்லை. முடிசூட்டு நாள் விழாவின் அப்ப மாவில் கை வைக்கும் பெண்கள், வேலை முடியும்வரை அரண்மனை மதிலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்ட மகாராஜா எந்தக் காலத்து ஆளோ தெரியாது. அவருக்கு முழங்கால் வலி இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். அரச குடும்பத்தார் யார் எதிர்ப்பட்டாலும் நிமிர்ந்து நடக்கக் கூடாது, குந்தியபடியே நகர வேண்டும், அரசரைச் சினுவுன் என்றும் அவர் வீட்டாரைக் குஸ்தி என்றும்தான் அழைக்க வேண்டும் என்று சொன்னவரும் அவராகத்தான் இருக்க வேண்டும். நாற்பத்தெட்டு வருடம் ஜாவாவின் அந்த அரண்மனைத் தரையில் குந்திக் குந்தியே நகர்ந்ததில், எழுபது வயதுப் பொனிராவின் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன.

வீட்டில் கணவர் சஸ்த்ரோ கிடந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து அவருக்கு ஊட்டிவிட வேண்டும், புரட்டிப் போட வேண்டும். இந்த ஐந்து நாளும் பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துக்கொள்கிறாள். அவள் கைச் சோறு அவருக்கு இறங்குவதில்லை. பொனிரா கிளம்பும்போது கோணிய வாயால் கேட்டார், "நீ எனக்குப் பொண்டாட்டியா, அரண்மனைக்கா?" வழக்கமான கேலிதான். ஆனால் இந்தத் தடவை கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை.

வேலையிலிருந்து விடுதலை கேட்டு மூன்று வருடமாக மனுப் போடுகிறாள். "இந்த ஒரு விழா மட்டும், பொனிரா" என்று மூன்று வருடமும் பதில் வந்தது. போன மாதம் அரசரின் மூத்த மகள், சமையற்கட்டுக்கெல்லாம் தலைவி, அவளைத் தனியாக அழைத்து வாக்குக் கொடுத்தாள். விழா முடிந்த மறுநாளே அப்பாவிடம் சொல்லி அனுப்பி வைக்கிறேன், இனி வர வேண்டாம் என்றாள். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் பொனிரா ஐந்து நாளாக மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

சின்ன அப்பங்களை இளவரசிகளும் வந்து சுடுவார்கள், பட்டு உடுத்தி, பூ வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு. ஆளுக்கு நாலு சுட்டதும் கண் எரிகிறது என்று எழுந்துவிடுவார்கள். பெரிய அப்பம் அப்படியல்ல. முறத்தகலம், ஒரு விரல் கனம். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் மரவள்ளிப் புளிப்பும் சேர்ந்து பொங்கி வரும்போது சட்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சரியாக அரசர் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளைத் துணி சுற்றி, குடை பிடித்து, மறுநாள் கடல் தெய்வமான தென்கடல் அரசிக்குக் காணிக்கையாகப் போகும் அடுக்கு அது. ஒரு விரல் குறைந்தால் அரசருக்கு ஆயுள் குறையும். ஒரு விரல் கூடினால் அரசரைவிட இன்னொருவர் உயர்ந்துவிடுவார். இரண்டுமே ஆகாது.

அன்று முற்பகலில் கடைசி அப்பங்கள் சட்டியில் இருந்தன. அடுப்பு பார்க்கும் துமினா ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"அடியே பொனிரா, இன்னும் எத்தன பாக்கி? எனக்கு இடுப்பே இல்லடி இப்போ. இருந்த எடத்துல வலி மட்டுந்தான் இருக்கு."

"மூணு. வாய்ல ஊதறத அடுப்புல ஊது."

"நாளைக்கு நீ மகாராணி மாதிரி வீட்டுல காலை நீட்டிக்கிட்டு உக்காந்துருவ. நான் இங்கயே புகையாப் போயிருவேன்."

"நீயும் மனுப் போடேன்."

"யாரு வீட்டுக்குப் போறது? எனக்கென்ன சஸ்த்ரோவா காத்துக்கிட்டிருக்கார்?"

பொனிரா சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். துமினா சொன்னதில் தப்பொன்றுமில்லை. ஆனாலும் காத்துக்கிட்டு என்ற அந்தச் சொல் அவளை என்னவோ செய்தது.

அப்போதுதான் ரேடன் புரொஜோ வந்தார். அளவுகோலுக்குக் காவலர் அவர். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன் அரசர் முடிசூடிய அன்று அவர் உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கோல் அது. வருடம் முழுக்க மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் கிடக்கும். அப்பம் அடுக்கும் நாளில் மட்டும் வெளியே வரும். அரசர் உடம்பை இரண்டாம் முறை அளப்பது மகா பாவம் என்பதால், இருப்பது அந்த ஒரு கோல்தான். புரொஜோ அதைக் கைக்குழந்தைபோல் ஏந்தி வந்து, பாயில் வைத்து, கும்பிட்டு, துணியைப் பிரித்தார்.

உள்ளே பாதிக் கோல் இருந்தது. மீதிப் பாதி மாவாக இருந்தது. பூச்சி சாவகாசமாக ஒரு வருடம் உட்கார்ந்து தின்றிருக்கிறது.

புரொஜோ மெல்லத் துணியை மூடினார், மூடினால் கோல் முழுசாகிவிடும் என்பதுபோல.

"வருஷத்துக்கொரு தடவை வெயில்ல காய வெக்கறதுக்கு என்ன கேடு?" என்றாள் துமினா, அடுப்பைப் பார்த்தபடி, எல்லாருக்கும் கேட்கும்படி.

மூத்த இளவரசிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வருவதற்குள் பொனிரா அடுக்க ஆரம்பித்திருந்தாள். கோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறிய அப்பம் காத்திருக்காது. அதோடு அவளுக்குக் கோல் தேவையும் இல்லை. முடிசூட்டு வருடத்தில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக முதல் அடுக்கை முடித்துவிட்டு எழுந்து நின்றபோதே அவள் பார்த்துவைத்திருந்தாள்: அடுக்கின் உச்சி, தன் உச்சந்தலைக்கு மேல் நாலு விரல். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அடுக்கி முடித்ததும் நிமிர்ந்து நின்று, தலைமேல் நாலு விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புரொஜோவைக் கூப்பிடுவாள். கோலும் அதையே சொல்லும். கொஞ்ச வருடமாகத்தான் கோல் இடக்குப் பண்ணியது. அவள் கணக்குக்குச் சரியாக வந்தபிறகும் இன்னும் ஒன்று வை என்றது; போன வருடம் இரண்டு வைக்கச் சொன்னது. மூங்கில் வளருதுபோல என்றாள் ஒருநாள். வெட்டின மூங்கில் எங்கடி வளரும் என்று துமினா சிரித்தாள். ஈரம் குடிச்சு நீண்டிருக்கும் என்று முடிவுகட்டிப் பொனிரா அதை விட்டுவிட்டாள்.

எண்பதாவது அப்பத்தை வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். தலைமேல் நாலு விரல். சரி.

"முடிஞ்சது, குஸ்தி" என்று வந்து நின்ற இளவரசியிடம் சொல்லிவிட்டுக் குந்தினாள்.

"முடியல" என்றார் புரொஜோ. "போன வருஷம் எண்பத்திரெண்டு. என் கண்ணால எண்ணினேன். ரெண்டு குறையுது."

"போன வருஷமும் எண்பதுலயே சரியாத்தான் இருந்துச்சு, ரேடன். உங்க கோல் கேட்டுச்சேன்னுதான் ரெண்டு மேல வெச்சேன்."

"கோலையே குத்தம் சொல்றியா நீ?"

"பூச்சி தின்னுட்டுப் போனத நான் ஏன் குத்தம் சொல்லப்போறேன்?"

துமினா வாயைப் பொத்திக்கொண்டாள். இளவரசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். அவளும் பத்து நாளாகத் தூங்கியிருக்க மாட்டாள். பந்தல்காரன், வாத்தியக்காரன், வெளிநாட்டு விருந்தாளி என்று அவள் தலையைத் தின்ன ஆயிரம் பேர்.

"பொனிராம்மா, மிச்சம் அப்பம் இருக்கில்ல? ரெண்டு வெச்சிருங்களேன். பிரச்சனை தீரும்."

மிச்சம் இருந்தது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தட்டில் ஐந்து அப்பம் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டை எடுத்து மேலே வைத்துத் துணியைச் சுற்றினால் வேலை முடிந்தது. நாளைக்கு இந்நேரம் சஸ்த்ரோவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கலாம். பொனிராவுக்கு இது தெரியாமலில்லை. ஆனால் கோலைப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன், நாற்பத்தெட்டு வருட அடுக்கைக் குறை என்று சொல்வதை அவளால் முழுங்க முடியவில்லை. போகிற நாளில் தப்பான அடுக்கை வைத்துவிட்டா போவது?

"வெக்க மாட்டேன், குஸ்தி. சினுவுனை விட ஒசரமா ஒரு அடுக்க என் கையால வெக்க மாட்டேன்."

"அது எப்படி உனக்குத் தெரியும்?" புரொஜோ குரலை உயர்த்தினார்.

"நம்பிக்கை இல்லன்னா சினுவுனையே வந்து பக்கத்துல நிக்கச் சொல்லுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அரசரை நிற்கச் சொல்ல அடுப்படியில் இருப்பவள் யார்? சட்டியில் கடைசி அப்பம் கருகும் வாசனை வந்தது. துமினா ஓடிப்போய் இறக்கினாள்.

இளவரசி அடுக்கை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தாள். பிறகு அப்பாவை அழைத்துவரத் திரும்பிப் போனாள்.

அரசர் வந்தபோது எல்லாரும் தரையோடு தரையாக ஒடுங்கிப்போனார்கள். எழுபத்திரண்டு வயது. காலையிலிருந்து ஒத்திகை ஒத்திகை என்று உட்கார வைத்து, எழுப்பி, மறுபடி உட்கார வைத்து அவரையும் படுத்தியிருந்தார்கள். தலைப்பாகை இல்லை. கையில் தடி. சாதாரண வீட்டுத் தாத்தாபோல் செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்தார்.

"எங்க நிக்கணும்?" என்றார். "இங்கயாவது சீக்கிரம் முடியுமா?"

அடுக்கின் பக்கத்தில் நின்றார். அரசர் தலைக்கு மேல் கை கொண்டுபோக மகளுக்கு மட்டும்தான் துணிச்சல் இருந்தது. ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து எண்பதாவது அப்பத்தின்மேல் கிடையாக வைத்து, அவர் பக்கமாக நீட்டினாள். ஈர்க்கு அவருடைய வெள்ளை முடியைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"சரியா இருக்குப்பா" என்றாள். அப்பா இரண்டு அப்பம் குறைந்துபோனது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

புரொஜோ நெற்றியைத் தரையில் வைத்துவிட்டார். அரசர் அவரைப் பார்க்கவே இல்லை.

"கோல் இல்லாம யாரு அளந்தது?"

பொனிரா கும்பிட்ட கையை இறக்காமல், நாலு விரல் கணக்கைச் சொன்னாள்.

"எழுந்திரு. நின்னு காட்டு."

அரசர் முன்னால் அவள் நிமிர்ந்து நின்றதே கிடையாது. துமினா கைகொடுக்க, முட்டி இரண்டும் சடசடக்க எழுந்தாள். அரசர் அவளைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், தன் கையையே எடுத்து நாலு விரலைக் காற்றில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"பாத்தியா? கோல் மட்டும் என்னோட இருபத்தினாலு வயசுலயே நின்னுபோச்சு. நாம ரெண்டு பேரும் சேந்தே குள்ளமாயிட்டோம்."

"உத்தரவானா இன்னிக்கே புதுக் கோல் வெட்டிடறேன், சினுவுன்" என்றார் புரொஜோ தரையிலிருந்தபடியே.

"எதுக்கு? அதையும் பூச்சிக்குக் குடுக்கவா? நாளைக்கு நான் இன்னும் கொஞ்சம் குறைவேன், அது குறையாது. இவளும் என்கூடவே குறைவா." பொனிரா பக்கம் திரும்பினார். முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது; அன்று முழுக்க அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். "இனிமே நீதான் கோல். நான் இருக்கற வரைக்கும் என் அடுக்கு உன் கையால. என்ன?"

பொனிரா இளவரசியைப் பார்த்தாள். இளவரசிக்குத் தன் வாக்கு ஞாபகம் இருந்தது. அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். பிறகு ஈர்க்கை இரண்டாக ஒடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

இப்போது சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு மனுஷன் கிடக்கிறார், எனக்கு முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அரசர் கேட்டால் என்ன சொல்வது என்று அந்த வாய்க்கு நாற்பத்தெட்டு வருடப் பழக்கம்.

"உத்தரவு, சினுவுன்" என்றது.

அரசர் தலையசைத்துவிட்டு, செருப்பை இழுத்துக்கொண்டு அடுத்த ஒத்திகைக்குப் போனார். இளவரசி திரும்பிப் பார்க்காமல் பின்னால் போனாள். பெண்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். என்ன யோகம், யாருக்குக் கிடைக்கும், இனி பட்டமே வரும் என்று அவள் கையைப் பிடித்துத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடுக்குக்கு வெள்ளைத் துணி சுற்ற ஆள் வந்தது.

பொனிரா தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். துமினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேலி பண்ண வந்தவள், முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அவள் முட்டியை அழுத்திவிட ஆரம்பித்தாள்.

"வீட்டுல அவர்கிட்ட என்னடி சொல்லப்போற?" என்று கேட்டாள்.

பொனிரா தட்டில் மிச்சமிருந்த அப்பங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்ட எடுத்து மேல வெச்சுத் தொலைச்சிருக்கலாம்டி" என்றாள்.