அசையாமல் உட்கார்ந்திருப்பவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்த கதை இது. ஒதுங்கிய இடம் ஓர் அருங்காட்சியகத்தின் பட்டறை. உள்ளே பழைய ராணுவப் பயிற்சி விமானம் ஒன்று, பாதி பெயிண்ட் அடித்தபடி நின்றது. முன்னால் கற்றுக்கொள்கிறவருக்கு ஓர் இடம், பின்னால் சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஓர் இடம். பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து குனிந்து ஏதோ வேலை செய்துகொண்டிருந்தாள். மழை விட்டது, நான் கிளம்பிவிட்டேன். அவளைத்தான் அங்கிருந்து இறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "வானத்தை மறந்துபோன இரும்புப் பறவை தன் சிறகுகளை..."

சீ, வேண்டாம். பறவையாம், சிறகாம்! அடுத்து: "அவள் விரல் அந்த நெளிசலைத் தொட்டதும்..." இது தேவலை. ஆனால் எந்த நெளிசல் என்று உங்களுக்குத் தெரியாதே. இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

2

அந்த விமானத்தின் இருக்கைகள் சும்மா நாற்காலிகள் இல்லை. ஆபத்து வந்தால் விமானி கால்களுக்கு நடுவிலுள்ள கைப்பிடியை இழுப்பார். அடியிலுள்ள வெடிமருந்து ஆளையும் இருக்கையையும் சேர்த்து ஆகாயத்தில் தூக்கி எறியும். தரையில் நிற்கும்போது யாரும் தெரியாத்தனமாக இழுத்துவிடக் கூடாது அல்லவா? அதற்காகக் கைப்பிடியின் பக்கவாட்டில் ஒரு துளை, துளையில் விரல் நீளத்துக்கு ஒரு பூட்டுக் கம்பி, கம்பியில் சிவப்பு நாடா.

ஓர் இருக்கை விமானத்தோடு வந்தது. அதிலிருந்த மருந்தைப் பட்டாளத்துக்காரர்களே எடுத்திருந்தார்கள். இன்னொன்று பழைய இரும்புக் கடையில் வாங்கியது, மருந்தோடு. அதை எடுக்கத் தெரிந்த ஆள் வெளியூரிலிருந்து வரும்வரை கிடங்கில் பூட்டிவைப்பதாக ஏற்பாடு. 'தொடாதே' என்று ஓர் அட்டையும் அதில் தொங்கியது.

இரண்டையும் முற்றத்தில் வைத்துப் பெயிண்ட் அடித்தார்கள். அடிப்பதற்காக அட்டையை அவிழ்த்தார்கள். திடீரென்று மழை. (அதே மழைதான். நானும் நனைந்தேன்.) அடித்துப் பிடித்து உள்ளே தூக்கிவந்து, அட்டையைத் திரும்பக் கட்டினார்கள்.

எதில் கட்டினார்கள் என்பதுதான் கதை.

3

இப்போது அவளிடம் போவோம். அவள் பிட்டர், பாகங்களைக் கழற்றி மாட்டுகிற வேலை. மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மருந்தில்லாத இருக்கை என்று நம்பி விமானத்தில் பொருத்தியதில் உட்கார்ந்து தோள் பெல்ட்டை மாட்டிப் பார்த்தாள். பெல்ட் அவளைச் சுற்றி இறுகிக்கொண்டது. இடது கையை இருக்கைக்கு அடியில் விட்டுக் கொக்கியைத் தேடினாள். விரலில் ஒரு நெளிசல் தட்டுப்பட்டது.

அந்த நெளிசல் அவளுக்குத் தெரியும். இரும்புக் கடையில் இருக்கையை லாரியில் ஏற்றும்போது அதன் அடிக்குழாயில் விழுந்தது. அவளே தட்டி நிமிர்த்தினாள், முழுசாக நிமிரவில்லை. பெயிண்ட் அதைக் கண்ணுக்கு மறைத்துவிட்டது, விரலுக்கு மறைக்கவில்லை.

அப்படியென்றால் இது மருந்துள்ள இருக்கை. குனிந்து பார்த்தாள். பெல்ட்டின் தொங்கல் கைப்பிடிக்குள் நுழைந்து சுற்றியிருந்தது. அவள் எழுந்தாலும், பெல்ட்டை அவிழ்க்க இழுத்தாலும் கைப்பிடியும் எழும். துளையில் கம்பி இல்லை. காலையில் அவள்தான் உருவிக் கொழுந்தனிடம் கொடுத்தாள். "சிவப்பா தொங்குது, போட்டோல அசிங்கமா இருக்கும். நீயே வெச்சுக்கோ."

தலைக்கு மேலே தகரக் கூரை. வலது கால் மரத்துக்கொண்டு வந்தது.

4

[இங்கே நான் பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒப்புக்கொள்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.]

ஒரு சந்தேகம். வேலை தெரிந்தவள் இப்படிச் செய்வாளா? என் மனைவியிடம் கேட்டேன்.

"கேஸை மூடினோமான்னு தெருமுனையிலிருந்து எத்தனை தடவை திரும்பி வந்திருக்கீங்க?"

"திரும்பி வந்து பார்க்கிறேன் இல்லையா?"

"அவளும் திரும்பித்தான் பார்த்திருக்கா. என்ன, உள்ள உட்கார்ந்துகிட்டுப் பார்த்துட்டா. நீங்க என்ன டீய ஊதி ஊதிக் குடிக்கிறீங்க? முதல்ல அந்தப் பொண்ண எறக்குங்க."

சரி, வந்துவிட்டேன்.

5

வெளியே பைக் சத்தம். கொழுந்தன் வருகிறான். அங்கே பெயிண்டர், வீட்டில் அவள் கணவனின் தம்பி. முந்தாநாள்தான் "அண்ணி, டிக் டிக்குன்னு சத்தம் வருது!" என்று கத்தி அவளை ஏணியிலிருந்து குதிக்கவைத்தான். அவள் பதிலுக்கு, சத்தியமாக உள்ளே பொரியல்தான் என்று சொல்லி, அவன் டிபன் பாக்ஸில் நட்டு போட்டுக் கொடுத்தாள்.

"டேய், ஏணியில கை வைக்காத."

"ஏன் அண்ணி, பெயிண்ட் காயலையா?"

"சீட்டு மாறிப்போச்சுடா. மருந்து இருக்கிற சீட்டுல உட்கார்ந்திருக்கேன்."

"அப்படியா! மேல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஏணியைப் பிடித்தான். விமானம் லேசாக ஆடியது. பெல்ட் ஒரு நூலளவு இறுகியது.

"சத்தியமாடா!"

"பொரியலுக்கும் இதே சத்தியம்தான் பண்ணீங்க."

முதல் படியில் கால் வைத்தான். அவள் கத்தவில்லை. கத்தினால் வயிறு எக்கும், பெல்ட் இழுக்கும்.

"எனக்குப் பயமா இருக்குடா," என்றாள்.

அந்த வீட்டுக்கு அவள் வாழ வந்த நாளிலிருந்து அவன் கேட்டிராத வார்த்தை. அண்ணனை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோதுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. அவன் காலை மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தான்.

"நான்தான் அண்ணி... மழையில அவசரமா அட்டையைக் கட்டினேன்..."

"கட்டினதை நானும் பார்க்கத்தான் செஞ்சேன். அதையெல்லாம் அப்புறம் பேசலாம். ஆளக் கூப்பிட நேரமில்ல, கால் குரக்களி வாங்குது, நரம்பு சுருட்டி இழுக்குது, எப்ப உதறும்னு தெரியல. அந்தக் கம்பி எங்க?"

அவன் தன் கையைப் பார்த்தான். பைக் சாவி வளையத்தில், வீட்டுச் சாவியோடும் பீரோ சாவியோடும், சிவப்பு நாடாவோடு தொங்கிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதென்று கோத்துவைத்திருந்தான்.

6

முடிவுக்கு வந்தாயிற்று. எழுதி எழுதிக் கிழித்தவை இவை.

கம்பி உள்ளே போகிறது, இருவரும் டீ குடிக்கிறார்கள். இதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மருந்து நமத்துப்போயிருக்கிறது, கைப்பிடியை இழுத்தும் ஒன்றும் ஆகவில்லை. இது ஏமாற்று வேலை. பழசானதால் வெடிக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

மூன்றாவதில், "தகரக் கூரையில்..." என்பதோடு நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகாது.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். கொழுந்தன் சாவி வளையத்தைப் பிரிக்கப் பார்த்தான். நகத்தைக் கடித்துத் துப்புகிற பழக்கம் அவனுக்கு, வளையத்தில் பிடி கிடைக்கவில்லை. பல்லால் இழுத்துக் கம்பியை விடுவித்தான். ஏணியருகே வந்தான். தோளிலிருந்து விரல் நுனிவரை உதறியது.

"என்னால முடியாது அண்ணி. ஏறினா ஆட்டிடுவேன்."

"தெரியுதுடா," என்றாள் அவள், கோபமே இல்லாமல். "வேற யாராவது இருக்காங்களா பாரு."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு மூன்று முடிவு எழுதிய கை. அது அவன் கையைவிட மோசமாக நடுங்குகிறது.

நீங்கள் இவ்வளவு நேரம் அசையாமல் படித்துக்கொண்டிருந்தீர்கள், கவனித்தேன். இந்தாருங்கள் கம்பி. துளை கைப்பிடிக்கு இடது பக்கம், பெல்ட்டுக்குக் கீழே. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். ஏணியில் நாலாவது படி லொடலொடக்கும், அதில் மிதிக்காதீர்கள்.

அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.