மங்கையின் கட்டைவிரல்

சுனாமிக்கு முந்தைய வருடம் வரை காசிமேட்டுக் கரையில் இயற்கைச் சக்திகள் இரண்டுதான்: ஒன்று புயல், இன்னொன்று ரகுபதியின் இடது கை. இதில் கருத்து வேறுபாடு கொண்டவர்கள் இப்போது பல்செட்டு மாட்டியிருக்கிறார்கள்.

விசைப்படகு ஓட்டிய அந்த ரகுபதியைக் கடைசியில் அடித்துப்போட்டது சர்க்கரை. சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்குமுன், "எந்தக் கையில சாப்பிடுவீங்க?" என்று டாக்டர் கேட்டார். எந்தக் கையால் அடிப்பீர்கள் என்று கேட்கவில்லை. சாப்பிடும் வலது கை தப்பியது. இடது கையில் தைத்தார்கள். "இந்தக் கைய எங்கேயும் இடிச்சிக்காதீங்க" என்றதை, மற்றவர்களுக்குச் சொன்ன அறிவுரையாக ரகுபதி எடுத்துக்கொண்டான்.

தண்ணீரும் இனி அளவுதான். பக்கத்து வீட்டு லோகநாதன் அவனுக்கு முன்பிருந்தே டயாலிசிஸ் ஆள். தாகம் எடுத்தால் பிளாஸ்க்கிலிருந்து ஒரு துண்டு ஐஸை வாயில் ஒதுக்கிக்கொண்டு வலை பின்னுவார்.

"இன்னா மாமு, செத்த மீனுக்குத்தான் ஐஸ் வெப்பாங்க. நீ உயிரோடவே வெச்சிகினியா?" என்பான் ரகுபதி.

லோகநாதன் சிரித்துக்கொண்டே சப்புவார்.

ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து வந்த மத்தியானம், ரகுபதி குடத்தோடு தூக்கிக் குடித்தான். மனைவி மங்கை குடத்தைப் பிடுங்கினாள்.

"போதும்யா! போன வாரம் மூச்சு முட்டிக் கெடந்தது பத்தலியா?"

"எனுக்கே அளவு சொல்றியாடி?"

இடது கை எழுந்தது. முதல் அடியில் மங்கையின் உதடு கிழிந்தது. இரண்டாவதற்கு அவள் குனிந்துவிட, கை பீரோ விளிம்பில் மோதியது. காலையில் ஊசி குத்திய இடம் பிளந்து, ரத்தம் பீய்ச்சிச் சுவரில் அடித்தது. இயற்கைச் சக்தி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த லோகநாதன் கத்தினார்: "மங்க, துணி சுத்தினு இருக்காத! வெரல வெச்சு அமுக்கு. வுட்றாத!"

ஆஸ்பத்திரி வரை, ஆட்டோ குலுங்கிய குலுக்கலிலும் மங்கை கட்டைவிரலை எடுக்கவில்லை. அவள் உதட்டு ரத்தம் அவன் சட்டையில் சொட்டிக்கொண்டே வந்தது.

தையல் போட்ட பிறகுதான் அவள் பேசினாள்.

"கிட்னி பூட்ச்சின்னா மெஷின் கீது. தாகம் உன்னுது, அடி மட்டும் என்னுதா? வூட்ல கீறவங்கள அடிச்சிகினு இருந்தா, எந்த மெஷினும் உன்னக் காப்பாத்தாது. இன்னொரு வாட்டி கை தூக்கினே, இந்த வெரலு வராது."

அடுத்த வார வெயிலில், வலைக் குவியல் மேல் லோகநாதன் பக்கத்தில் ரகுபதி உட்கார்ந்திருந்தான். இடது கை, தூங்கும் குழந்தை மாதிரி மடியில் கிடந்தது.

"இன்னா நைனா, இன்னிக்கு சவுண்டையே காணோம்?" என்றான் ஒரு படகுக்காரன்.

ரகுபதி வாயைத் திறக்கவில்லை. ஐஸ் விழுந்துவிடும்.