ஐந்து நிமிடத்தில் வருகிறவன்

கிரேக்கத்தின் காசோஸ் தீவு விமான நிலையத்திலிருந்து எங்கள் கார்பதோஸ் தீவு விமான நிலையத்துக்கு ஐந்து நிமிடம். நடுவில் கொஞ்சம் கடல், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடம் என் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது.

மாப்பிள்ளை மீனாஸின் தோழன் நிகிதாஸ் காசோஸ்காரன். மணமுடி இரண்டையும் தோழன்தான் வாங்கி வர வேண்டும். அவற்றை எங்கள் தலைகளில் மூன்று முறை மாற்றி மாற்றி வைக்க வேண்டியவனும் அவன்தான். அது நடக்காமல் கல்யாணம் இல்லை. நடந்துவிட்டால் ஆயுள் முழுக்க அவன் எங்களுக்குச் சொந்தம், முதல் பிள்ளைக்கு ஞானத்தகப்பன்.

காற்றை நம்ப முடியாது, வியாழக்கிழமைக் கப்பலிலேயே வந்துவிடு என்று போனில் தலைபாடாக அடித்துக்கொண்டேன். சிரித்தான்.

"ஏம்மா, அஞ்சு நிமிஷத்துக்கு எவனாவது ரெண்டு நாள் முன்னாடி கெளம்புவானா? நீ மூஞ்சி கழுவி முடிக்கறதுக்குள்ள வந்து நிப்பேன்."

என் அத்தை மகள் செவாஸ்தி மெல்போர்னிலிருந்து மூன்று விமானம் மாறி ஒரு வாரம் முன்பே வந்துவிட்டாள். ஏதென்ஸ்காரர்கள் வந்தாயிற்று. பக்கத்துத் தீவுக்காரனைத்தான் காணோம். பக்கத்தில் இருக்கிறவர்கள் என்றைக்குமே இப்படித்தான்.

சனிக்கிழமை காற்று பேயாக அடித்தது. தேவாலய வாசலில் என் முக்காடு பறந்து பாதிரியாரின் தாடியில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் விமானச் சத்தம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். தாழ்ந்து வந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மறுபடி மேலே ஏறி ரோட்ஸ் தீவுப் பக்கம் போயே போய்விட்டது. என் மணமுடிகளும் அதோடு போயின.

ரோட்ஸில் இறங்கிய நிகிதாஸ் போனில் அழுதான். காற்று நின்றால் மறுநாள் விமானமாம். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மீனாஸ் இழுத்தான். சின்ன வயதிலிருந்து பிரியாத சிநேகிதர்கள். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் பொறுமை தீர்ந்துவிட்டது.

"உலகத்தோட அந்தக் கோடியிலேருந்து வந்தவ இங்க நிக்கிறா. அஞ்சு நிமிஷத்துல இருக்கறவனுக்கு நான் காத்துக் கெடக்கணுமா? கல்யாணம் இன்னிக்குத்தான். இல்லேன்னா நீ அந்த நிகிதாஸையே கட்டிக்கோ."

மீனாஸ் தேவாலயத் தோட்டத்துக்குள் இறங்கினான். எலுமிச்சைக் கிளைகளை ஒடித்து மணமுடிகளாக வளைத்தோம். பாதிரியார் ஆசீர்வதிக்க, செவாஸ்தி மாற்றி வைத்தாள். முள் குத்தி நெற்றியில் ரத்தம் வந்தது. குத்தட்டும் என்று நின்றேன்.

மகன் பிறந்ததும் ஞானத்தாயாகும் உரிமை செவாஸ்திக்குத்தான். அவளே பெரிய மனதோடு நிகிதாஸுக்கு விட்டுக்கொடுத்தாள். மீனாஸுக்காக நானும் சரி என்றேன். ஆனால் ஞானஸ்நானத்துக்கு விமானத்தில் வந்தால் வாசற்படி ஏற விடமாட்டேன் என்று நிகிதாஸிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஞானஸ்நானத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்றே கப்பலில் வந்து இறங்கிவிட்டான். அன்று கொண்டுவர முடியாத மணமுடிகளை மேசையில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்த முட்டையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, என் சோபாவில் குறட்டை விட்டான். என்னப்பா இவ்வளவு சீக்கிரம் என்று காலையில் கேட்டேன்.

"காத்த நம்ப முடியாதும்மா" என்றான்.

"ஊருக்கு ஒரு நடை போய்ட்டு வாயேன். அஞ்சு நிமிஷந்தானே?"

அவன் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான்.