மூன்று புள்ளியும் ஒரு வளைகோடும்

மூன்று புள்ளி, அவற்றின் கீழ் ஒரு வளைகோடு, நனைந்த நீலப் புடவையின் மூலை அது, சேற்றுக்கு மேலே அந்த மூலை மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது, ஒரு வெள்ளாடு புடவையின் மேல் முன்னங்கால்களை ஊன்றி நின்று எதையோ மென்றுகொண்டிருக்கிறது, நான் கையில் சாக்பீஸ் பெட்டியோடு நிற்கிறேன். எனக்கு மறதி வந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள், காலையில் மாத்திரை போட்டேனா என்பது மறந்துபோகிறது, உண்மைதான், ஆனால் அந்த ஆட்டின் இடது காதில் இருந்த வெட்டுகூட எனக்கு மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன், நான் மறந்துவிட்டால் நல்லது என்று இந்த வீட்டில் சிலர் நினைக்கிறார்கள் என்பதற்காகவே மறக்க மாட்டேன்.

நாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குப் போகிற சாலை, கடல் ஊருக்குள் புகுந்து திரும்பி ஐந்தாவது வாரம், சாலையின் இரண்டு பக்கமும் பழந்துணி குவிந்து கிடக்கிறது, எங்கெங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கியது, பித்தான் இல்லாத சட்டை, முழங்கால் தேய்ந்த கால்சட்டை, ஜோடியில்லாத காலுறை, மீனவப் பெண்கள் தொட மறுத்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள், மழையும் ஆடும் பார்த்துக்கொண்டன. அந்தக் குவியல்களைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போவேன், மூங்கில் தட்டி அடைத்த கொட்டகை, அதை ஒட்டிப் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் விடுதி, அறுபத்து மூன்று பிள்ளைகள், தட்டில் நம்பர், பாயில் நம்பர். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மனைவி போய் மூன்று வருடம், மன்னார்குடியில் ஈஸிசேரைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட இங்கே பின்னம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நானாக வந்தவன், அறை எடுத்துத் தங்கினேன், விடுதியில் ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடித்ததில்லை. பிள்ளைகள் கடல் பக்கத்துத் தட்டியைத் திறக்கவிட மாட்டார்கள், வியர்த்து ஒழுகும், சிலேட்டில் விரல் வழுக்கும், அப்போதும் விட மாட்டார்கள், காற்று வேண்டாமா என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்தத் துணிக்குவியலைப் பார்க்கும்போது எனக்கு முதலில் வந்தது மீனவர்கள் மேல் எரிச்சல்தான், ஒளிக்கவில்லை, கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகும் என்ன வீம்பு இவர்களுக்கு என்று நினைத்தவன் நான். மதியரசி என்று ஒரு பெண், பதினொரு வயது, தட்டிலும் பாயிலும் பதினேழு, கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உடுத்தியிருந்த பச்சைப் பாவாடையையே துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள், விடுதியைப் பார்த்துக்கொண்ட தயாவதி அம்மாள் லாரித் துணியில் ஒரு கவுன் எடுத்துக் கொடுத்தால், அதை நன்றாக மடித்து மறுநாள் அந்த அம்மாளின் மேஜைமேலேயே வைத்துவிடுவாள். ஏன் என்று நான் ஒருநாள் கேட்டேன், அது வேற யாரோடதோ சார் என்றாள், அவ்வளவுதான், அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

அப்புறம் அந்தக் காலை, அந்த ஆடு, அந்த மூலை. ஊரில் அதை வண்ணான் குறி என்பார்கள், எங்களுக்கு வெளுத்த கலியன் அதை அடையாளம் என்றுதான் சொல்வான், சேங்கொட்டை மையில் குச்சியைத் தொட்டுத் துணியின் மூலையில் வைப்பான், எதிர்வீட்டுக்கு ஒரு பெருக்கல் குறி, டாக்டர் வீட்டுக்கு இரண்டு கோடு, எத்தனை வீட்டுத் துணி ஒரே வெள்ளாவியில் வெந்தாலும் மாறிப்போகாது, எங்கள் வீட்டுக்கு மூன்று புள்ளியும் ஒரு வளைகோடும், என் தாத்தா காலத்திலிருந்து. நீலம் என் மனைவி அபயாம்பாளுக்குப் பிடித்த நிறம், அவள் அந்தப் புடவையில் கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போகிறாள், இல்லை, தண்ணீருக்குள் நிற்கிறாள், இடுப்பளவுத் தண்ணீர், தலைப்பைக் காணோமே என்று சுற்றுமுற்றும் தேடுகிறாள், அவள் கடலையே பார்த்தவள் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனவள், இருந்தும் அன்றுமுதல் என் கனவில் தண்ணீருக்குள்தான் நிற்கிறாள். ஆட்டை விரட்டினேன், புடவையை இழுத்தேன், அதோடு அவள் ரவிக்கை ஒன்று வந்தது, என் பழைய வேட்டி வந்தது, என் மகனின் பள்ளிக்கூடச் சட்டை வந்தது, எல்லாவற்றிலும் மூன்று புள்ளி.

விடுதியில் சமைத்தவள் பூங்காவனம், இரண்டு பிள்ளைகளையும் புருஷனையும் அலைக்குக் கொடுத்தவள், பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவள் முன்னால் போய் நின்று இந்தத் துணியைச் சேற்றில் போட்டது யார் என்று கத்தினேன், முப்பத்தைந்து வருடம் வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. அவள் அரிவாள்மனையிலிருந்து நிமிராமலே சொன்னாள், நாந்தான் போட்டேன், அதுக்கு என்னா சாரு இப்ப. நல்ல துணி அது என்றேன். நல்ல துணின்னா ஒங்க வூட்டுப் புள்ளைக்கு உடுத்திப் பாக்கறது, நாங்க கடலுக்குப் போயி சம்பாரிச்சுத் தின்னவங்க, தீவாளிக்குப் புதுசா கோடி எடுக்காம இருந்ததில்ல, செத்தவங்க துணியா இருக்கவங்க துணியான்னு தெரியாம எம்புள்ளைவளுக்கு உடுத்தச் சொல்றீங்களா. எந்த லாரி கொண்டுவந்தது என்று கேட்டேன், கையிலிருந்த பூசணிக்கீற்றால் மேலே காட்டினாள், விறகு நனையாமல் கட்டியிருந்த பேனரை, தினமும் அதன் அடியில்தான் குனிந்து போவேன், எழுத்து உள்பக்கம் போகும்படி கட்டியிருந்ததால் பார்த்ததில்லை, ஓரத்தைத் தூக்கிப் படித்தேன், அமரர் சோமாஸ்கந்தம் நினைவாக அவர்தம் குடும்பத்தார் வழங்கும் நிவாரணம். சோமாஸ்கந்தம் என் தாத்தா.

நம் வீட்டிலிருந்து பிறத்தியாருக்குப் போகிற துணி கோடியாகத்தான் போகவேண்டும் என்பது அப்பா வைத்த ஏற்பாடு, தீபாவளிக்கு எங்களுக்கு எடுப்பதற்கு முன்னால் கலியனுக்கு வேட்டி எடுத்துவிடுவார், அதை நான் அறுபது வருடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். போன் பூத்திலிருந்து மகன் ஞானவேலைக் கூப்பிட்டேன், அம்மா துணியெல்லாம் பீரோல சும்மா கெடந்துச்சுப்பா, பூச்சி அரிச்சுக் கெடக்கறதுக்கு நாலு பேருக்கு ஆவட்டுமேன்னு ஒங்க மருமக வனஜாதான் எடுத்துப் போட்டா, வெள்ளிக்கிழமை அடுத்த லாரியோட நானே வரேன், விடுதி அம்மாகிட்ட பேசியாச்சு, பிள்ளைங்க நம்ம துணியக் கட்டிக்கிட்டு வரிசையா நின்னு ஒரு பாட்டுப் பாடும், பேப்பர்காரங்க வராங்க, எல்லாம் நம்ம குடும்பப் பேருக்குத்தானப்பா என்றான். நீ வராதே என்றேன். என்னப்பா பேசறீங்க என்றான், போனை வைத்துவிட்டேன். கொட்டகையில் தயாவதி அம்மாள் பாட்டுக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார், கொடுத்த கைகளுக்குக் கோடி வணக்கம் என்று தொடங்குகிற பாட்டு, பதினேழாம் நம்பர் உதட்டைத் திறக்கவே இல்லை.

மூன்று நாள், வகுப்பு முடிந்ததும் குவியலருகே உட்கார்ந்துவிடுவேன், ஒவ்வொன்றாக இழுத்து மூலையைப் பார்ப்பது, எங்களுடையது என்றால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். சாலையில் போகிறவர்கள் வாத்தியாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள், சொல்லிக்கொள்ளட்டும். இரண்டாம் நாள் பூங்காவனம் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள், என்னா சாரு தேடுறீங்க என்றாள், மூன்று புள்ளியைக் காட்டினேன், யாரு வூட்டுது இது என்றாள், எங்கள் வீட்டுது என்றேன். அவளும் உட்கார்ந்து இழுக்கத் தொடங்கினாள், நல்லா ஒதறி மடிங்க சாரு, எங்க மண்ணையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க. சாயங்காலம் மதியரசி வந்தாள், வேறொரு குவியலில் கையைவிட்டுத் துழாவினாள், உனக்கு என்னம்மா வேண்டும் என்றேன், எங்கம்மாது சார், மஞ்சள்ல செவப்புக் கட்டம், ஊடு இருந்த எடத்துலயும் தேடிட்டேன், சுத்தி இருக்க ஊர்லேந்து வர்ற துணில கலந்திருக்குமோன்னு தெனமும் பாக்கறேன், ஒண்ணுகூடக் கெடைக்கல. என் மடியில் இருந்த நீலப் புடவையைத் தொட்டுப் பார்த்தாள், இது ஒங்கூட்டு அம்மாதா, ஆமாம், அவங்க இருக்காங்களா, இல்லை. அப்ப நீங்க வச்சுக்கிட்டிருக்க வேண்டியதுதானே சார், யார்ட்டயும் ஏன் குடுத்தீங்க.

எங்கள் துணியையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டினேன். வியாழக்கிழமை காலை என் துண்டைச் சும்மாடாகச் சுருட்டிப் பூங்காவனமே மூட்டையை என் தலையில் ஏற்றிவிட்டாள், கழுத்த நேரா வைங்க சாரு என்றாள், அதைச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் யாருக்கும் கழுத்து வளையாது. பஸ்ஸில் திருவாரூர் தாண்டும்போது கண்ணயர்ந்தேன், கலியனின் பெண்சாதி குறுக்கே நடந்துபோகிறாள், அரக்குப் புடவை, அது என் அம்மாவுடையது, கிழிசலைத் தைத்துக் கட்டியிருக்கிறாள், விழித்துக்கொண்டேன், கனவில்லை அது, உண்மையாகவே கட்டியிருந்தாள், வருடக்கணக்காகக் கட்டியிருந்தாள், கலியனுக்குக் கோடி கொடுத்த கையேதான் அதையும் கொடுத்தது, எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை, எங்கள் அடையாளத்தோடு அவள் தெருவில் நடந்தாள், நாங்கள் கோடி வேட்டியை மட்டும் பேசினோம். மூட்டை மடியில் கனத்தது.

மன்னார்குடியில் இறங்கும்போது உச்சி வெயில், ரிக்‌ஷா வேண்டாம் என்றேன், மூட்டையைத் தலையில் வைத்துத் தேரடி வழியாக நடந்தேன், கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், என்னிடம் படித்தவன் ஒருவன் சைக்கிளிலிருந்து குதித்தான், இஸ்திரி வண்டியை விட்டுவிட்டுக் கலியனின் மகன் பக்கிரி ஓடிவந்தான், ஐயா என்னங்கய்யா இது, குடுங்க, நான் தூக்கிட்டு வரேன். வேண்டாம் பக்கிரி, இது எங்க வீட்டு அழுக்கு, நீங்க சுமந்தது போதும் என்றேன். வீட்டு வாசலில் லாரி நின்றது, புதுப் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், தெரு நடுவில் மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தேன், வனஜா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள், ஞானவேல் ஓடிவந்து என் கையைப் பிடித்தான், ஊரே பாக்குதுப்பா, உள்ள வாங்க, ராத்திரி வந்திருக்கக் கூடாதா. பாக்கட்டும்னுதான்டா பகல்ல வந்தேன் என்றேன், என் தாத்தா பேர அந்தப் பிள்ளைங்க விறகுமேல கட்டியிருக்காங்க, அதுவாவது மழைக்கு ஆகுது, மத்ததெல்லாம் ஆட்டுக்குத்தான் ஆச்சு, இந்த லாரி நகர்ந்தா என்மேல ஏறித்தான் நகரும். லாரி நகரவில்லை. ஞானவேல் என்னோடு நான்கு வருடம் பேசவில்லை, பேரைக் கெடுத்தவர் என்று இன்றும் விருந்தாளிகளிடம் மெல்லிய குரலில் சொல்கிறான், காது எனக்கு நன்றாகவே கேட்கிறது, கெடுக்கவில்லை, துவைத்தேன், கல்லில் அடித்துத்தான் துவைக்க முடியும்.

நீலப் புடவையை மட்டும் என் பெட்டியில் வைத்துக்கொண்டேன், தேரடிக் கடையில் முழு பீஸாகத் துணி எடுத்தேன், கடைத்தாள் பிரிக்காமல் நாகப்பட்டினம் விடுதிக்குக் கொண்டுபோனேன், தையல்காரர் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி அளவெடுத்தார், கையைத் தூக்கு, திரும்பு, மூச்சை இழுக்காதே என்று, தனக்கென்று அளவு எடுப்பதில் அந்த முகங்களில் வந்ததை இங்கே எழுதத் தெரியவில்லை. எல்லாத் துணியும் ஒன்றாகத் துவைப்பது, மாறிப்போகும், தட்டில் இருக்கிற நம்பரையே போட்டுவிடலாம் என்றார் தயாவதி அம்மாள், நான் பதினேழு இல்ல என்றாள் மதியரசி, எல்லார் முன்னாலும், மெதுவாகத்தான் சொன்னாள், என்னிடம் திரும்பி, ஒங்கூட்டுக்கு இருக்க மாதிரி எங்கூட்டுக்கு ஒண்ணு போடுங்க சார். பக்கிரியிடம் வாங்கிய மையையும் குச்சியையும் எடுத்து நீயே போடு என்றேன், பச்சைப் பாவாடை, புதுசு, அதன் மூலையில் படகு மாதிரி ஒரு கோடு, கோட்டுக்குள் நெருக்கிக்கொண்டு நாலு புள்ளி, அப்பா, அம்மா, தம்பி, நான் என்று குச்சியால் தொட்டுக் காட்டினாள், பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்தது, மீன், முறம், வேப்பிலை, ஒருவன் வெறும் வட்டம், அதுதான் எங்கூட்டுக் கெணறு என்றான். மறுநாள் கடல் பக்கத்துத் தட்டியை மதியரசி திறந்தாள், துணி காயவேண்டுமே என்றாள், கொடிகளில் அறுபத்து மூன்று வீடுகள் காற்றில் படபடத்தன, அந்த வெள்ளாடு வந்து ஒரு பாவாடையின் மூலையை முகர்ந்தது, பூங்காவனம் விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள், எட்டப் போ, அது வூடு இருக்கப்பட்ட புள்ளை துணி.