சொந்தக்காரர் கேட்காத எஞ்சின் பணம்

என் புருஷன் எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷன். பஸ் கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்தால் டெப்போ வரைக்கும் போய் வாங்கி வருவார். எங்கள் படகு கவிழ்ந்த இடத்தில் கடலடியிலிருந்து எடுத்த எஞ்சினைத் துறைமுக அலுவலகம் ஏலம் விட்டு, பணத்தை வைத்துக்கொண்டு சொந்தக்காரருக்காகக் காத்திருந்தது. கெடு முடிந்தால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும் என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் அந்தப் பணத்தைக் கேட்டு வாயையே திறக்கவில்லை.

அந்தப் படகை ஓட்டிப் போனவன் என் தம்பி. திரும்பி வரவில்லை. "புது எஞ்சின். உன் தம்பிக்கு ஓட்டத் தெரியல, கவுத்துட்டான்" என்று இவர் விசாரணையிலும் சொன்னார், வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புது எஞ்சினுக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தவள் நான், அதனால் நம்பினேன். தப்பு அவன்மேல் என்று ஆனதால் அவன் பெண்டாட்டிக்கு நஷ்டஈடு கிடையாது. கைக்குழந்தையோடு எங்கள் மாடி அறையில் கிடக்கிறாள்.

"கெடு முடியப்போகுதுங்க. ஒரு மனு போடுங்களேன்" என்றேன்.

"போனது போகட்டும், விடு. அந்தக் காசு நமக்கு ஒட்டாது."

இவருக்குக் காசு ஒட்டாதாம். பூனை பால் வேண்டாம் என்றால் பாலில் என்னவோ கிடக்கிறது.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கிட்டு ஏற்கெனவே நாலு பேர் வந்துட்டாங்கம்மா. உங்க எஞ்சின் எப்படி இருக்கும்?"

"புதுசு சார். மாட்டிக் கொஞ்ச நாள்தான் ஆச்சு."

"அப்ப கிளம்புங்க. நாங்க வித்தது ஓட்டை ஒடசல். இரும்பு விலைக்குத்தான் போச்சு."

எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஏலப் போட்டோவைக் கேட்டேன். வேண்டாவெறுப்பாக நீட்டினார். துருப்பிடித்த பழைய எஞ்சின். வெடித்த டீசல் குழாயைச் சுற்றிப் பச்சை நைலான் கயிறு, நடுவில் சிவப்பு ஒயரால் போட்ட ஒட்டு. ஒட்டுப் போட்டவள் நானேதான். என் துணிக்கொடி அது. காணவில்லை என்று எதிர்வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டேன். அடப்பாவி தம்பி, இதைக் கட்டிக்கொண்டா கடலுக்குப் போனாய்? அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

கதவு திறந்தது. புருஷன் மூச்சு வாங்க நின்றார். எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார். போட்டோவை ஒரு பார்வை பார்த்தார்.

"சார், இது எங்களோடது இல்ல. தம்பி போனதுல இருந்து இவளுக்கு மனசு சரியில்ல. வா, வீட்டுக்குப் போலாம்."

"அவரே இல்லைங்கிறாரேம்மா" என்றார் அதிகாரி. "அப்ப பணம் அரசாங்கத்துக்குத்தான்."

"இந்தக் கயிறு என்னோடது சார். எஞ்சின் இவரோடது. என் வளையலை வாயில போட்டுக்கிட்டு, இதைத்தான் என் தம்பிகிட்ட குடுத்து அனுப்பியிருக்காரு. தம்பி சாவை விசாரிச்சவங்களுக்கும் இந்தப் போட்டோ ஒரு காப்பி அனுப்புங்க."

மேசைமேல் கிடந்த மனுப் படிவத்தை இழுத்தேன். சொந்தக்காரர் என்ற இடத்தில், அவர் பார்க்கப் பார்க்க, அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.